நெட் கிட்ட நிற்கிறவளைப் பாருங்கள்

2022 செப்டம்பரில் சென்னை ஓப்பன் முடிந்த மறுநாள் பேப்பரில் லிண்டா ஃப்ருவிர்தோவாவின் படம் பெரிதாக வந்திருந்தது. செக் நாட்டுப் பெண், பதினேழு வயது. போலந்தின் மக்தா லினெட்டை இறுதிப் போட்டியில் வென்று பட்டம் வாங்கியவள். படம் போட வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அதே செய்தியின் வாலில் ஒட்டிக்கொண்டு ஒரு வரி இருந்தது. இரட்டையரில் கனடாவின் கேப்ரியேலா டாப்ரோவ்ஸ்கி, பிரேசிலின் லூயிசா ஸ்டெஃபானி ஜோடி 6-1, 6-2 என்ற கணக்கில் அன்னா பிளின்கோவா, நடேலா ஜலமிட்சே ஜோடியை வென்றது. முற்றுப்புள்ளி.

இரட்டையர் ஆட்டம் பார்ப்பதற்காகவே ஈரோட்டிலிருந்து ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறிப் போனவர்கள் நானும் என் நங்கையும். அண்ணன் பொண்டாட்டியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். அந்த ஒரு வரியைப் பார்த்ததும் அவருக்கு வந்த கோபம் இருக்கிறதே! "ஏன் கண்ணு, நாலு பேரு ஓடியாடி ஆடுனதுக்கு நாலு வரி கூடவா போடமாட்டாங்க?" என்றார். அன்றைக்கு எழுத நினைத்தேன். மண்டிக் கணக்கு, பிள்ளைகள் படிப்பு, மஞ்சள் சீசன் என்று தள்ளித் தள்ளிப் போய், இப்போதுதான் கை வந்தது.

எங்களுக்கு டென்னிஸ் என்றாலே டபுள்ஸ்தான். அதற்குக் காரணம் ரசனை இல்லை, இடம். எங்கள் கிளப்பில் இருப்பது ஒரே ஒரு சிமெண்ட் கோர்ட். விடியற்காலையில் ஆண்கள் வந்து பிடித்துக்கொள்வார்கள். வெயில் ஏறுவதற்கு முன்னால் பெண்களுக்கென்று கிடைப்பது ஒரு மணி நேரம். அதில் ரெண்டு பேர் மட்டும் ஆடினால் மீதிப் பேர் பெஞ்சில் உட்கார்ந்து இட்லிக்கு ஊறப்போட்டதைப் பற்றிப் பேச வேண்டியதுதான். ஊர்க் கிளப்புகளில் ராக்கெட் பிடிக்கும் பெண்கள் பெரும்பாலும் இப்படித்தான் டபுள்ஸ் ஆட்டக்காரிகள் ஆகிறார்கள். நாற்பதைத் தாண்டிய முட்டிக்கும் அதுதான் தாங்கும்.

அதனால் டிவியில் ஒற்றையர் ஆட்டம் பார்க்கும்போது எனக்கு ஒரு அன்னியம் இருக்கும். அவர்கள் ஆடுகிற ஆட்டம் வேறு, நாங்கள் ஆடுவது வேறு. இரட்டையர் பார்த்தால் அப்படி இல்லை. வேகம் நூறு மடங்கு இருக்கலாம், ஆனால் குழப்பம் எங்கள் குழப்பமேதான். நடுவில் வருகிற பந்து யாருடையது? தலைக்கு மேல் போகிறதை யார் ஓடி எடுப்பது? நான் முன்னால் போனால் பின்னால் யார் இருக்கிறார்கள்?

கோர்ட்டின் நீளம் ரெண்டு ஆட்டத்துக்கும் ஒன்றேதான், 78 அடி. அகலம்தான் மாறும். ஒற்றையருக்கு 27 அடி, இரட்டையருக்கு 36. பக்கத்துக்கு நாலரை அடி ட்ராம்லைன் சேர்கிறது. அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் அந்த நாலரை அடிதான் ஆட்டத்தையே மாற்றுகிறது. நெட் கிட்ட நிற்கிறவள் பந்தை மறிக்க நடுவே பாய்ந்தால் அவள் விட்டுப்போன ட்ராம்லைன் திறந்து கிடக்கும். பாயாமல் காவல் காத்துக்கொண்டே நின்றால் எதிராளி நிம்மதியாகக் குறுக்கே அடித்துக்கொண்டே இருப்பாள். ஆகவே பாய்கிற மாதிரி நிற்க வேண்டும், நிற்கிற மாதிரி பாய வேண்டும். எங்கள் கிளப்பில் ஆட்டம் சொல்லித்தருகிற மார்க்கர் அண்ணன் சொல்லுவார்: "பந்து உங்ககிட்ட வரலீன்னாலும் உங்களுக்கு வேலை இருக்குதுங்க." அவர் சொன்னதை நான் முழுசாகப் புரிந்துகொண்டது நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில்தான்.

முடிந்தால் பேஸ்லைனுக்கு, அதாவது கோர்ட்டின் கடைசிக் கோட்டுக்குப் பின்பக்கம், கொஞ்சம் உயரத்தில் சீட் பிடியுங்கள். பக்கவாட்டில் உட்கார்ந்தால் கழுத்து வலிக்குமே தவிர ஆட்டம் பிடிபடாது. நாங்கள் முதலில் பக்கவாட்டில்தான் உட்கார்ந்திருந்தோம். நிழல் இருந்தது, அதனால். கொஞ்ச நேரத்தில் நங்கை எழுந்துவிட்டார். பின்பக்கம் போன பிறகுதான் அந்தக் கைகள் தெரிந்தன. செர்வ் போடப் போகிறவளின் ஜோடி நெட் பக்கம் குனிந்து நின்று, எதிராளிக்குத் தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கையைக் காட்டுவாள். பொதுவாக, மூடிய கை என்றால் இடத்தை விட்டு நகரமாட்டேன் என்று அர்த்தம். விரித்த கை என்றால் குறுக்கே பாயப்போகிறேன், நீ அந்தப் பக்கம் போய்க்கொள். ஒரு விரல், ரெண்டு விரல் என்று செர்வை எந்தப் பக்கம் போடுவது என்பதற்கும் கணக்கு உண்டு. ஜோடிக்கு ஜோடி மாறும். சில சமயம் நெட்காரி நடுக்கோட்டின் மேலேயே தவளை மாதிரி குந்திவிடுவாள், செர்வ் தலைக்கு மேல் போகும். எந்தப் பக்கம் எழுந்து ஓடுவாள் என்று ரிட்டர்ன் அடிக்கிறவளுக்குத் தெரியாது. அந்த ஒரு நொடித் தடுமாற்றத்திலேயே பாதிப் பந்து நெட்டில் போய் விழுகிறது.

அப்படி ஒரு பாயிண்ட் முடிந்ததும் நங்கை என் தொடையில் தட்டி, "பாரு அம்மிணி, அந்தப் புள்ள பந்தைத் தொடவே இல்ல. பாயிண்ட் அவளுதுதான்" என்றார். ஸ்கோர் போர்டில் இதற்கெல்லாம் இடம் இல்லை.

எங்களுக்கு இந்தக் கைச் சைகை ரொம்ப உதவியது, அதற்கு ஒரு கொங்கு நாட்டுக் காரணம் உண்டு. நங்கை என்னைவிட மூத்தவர். "விடு!" என்று கத்த என் வாய்க்கு வராது. "விட்டுருங்க நங்கை" என்று மரியாதையாக முடிப்பதற்குள் பந்து பின்சுவரைத் தொட்டிருக்கும். சென்னை போய் வந்த பிறகு நாங்களும் முதுகுக்குப் பின்னால் கை காட்ட ஆரம்பித்தோம். எதிரே ஆடும் டாக்டரம்மா சிரிக்கிறார், பரவாயில்லை.

பெண்கள் டென்னிஸ் சங்கமான டபிள்யூ.டி.ஏ. நடத்தும் இரட்டையரில் விதிகளும் கொஞ்சம் வேறு. 40-40 வந்தால் டியூஸ், அட்வான்டேஜ் என்று ரெண்டு பாயிண்ட் வித்தியாசம் வரும்வரை இழுக்கமாட்டார்கள். ஒரே ஒரு பாயிண்ட், அதோடு கேம் முடிந்தது. அந்தப் பாயிண்டை எந்தப் பக்கம் வாங்குவது என்று ரிட்டர்ன் ஜோடி தேர்ந்தெடுக்கலாம். அப்போது அவர்கள் ரெண்டு பேரும் கூடிப் பேசுவதைப் பார்க்க வேண்டும். நீ வாங்குகிறாயா, நான் வாங்கட்டுமா? "நான் வாங்குறேன்" என்று சொல்வதற்குத் தைரியம் வேண்டும். "நீ வாங்கு" என்று சொல்வதற்கு அதைவிட அதிகம் வேண்டும் என்பது என் கட்சி. ஆளுக்கு ஒரு செட் எடுத்துவிட்டால் மூன்றாவது செட் கிடையாது, பத்துப் பாயிண்ட் டை-பிரேக், அதாவது முதலில் பத்துப் பாயிண்ட் எடுக்கிற ஜோடி ஜெயித்தது. ரெண்டு பாயிண்ட் வித்தியாசம் இருந்தால்தான் முடியும். விம்பிள்டன் மாதிரி நாலு பெரிய போட்டிகளான கிராண்ட் ஸ்லாமில் மட்டும் பழைய மாதிரி முழு மூன்றாவது செட் ஆடுகிறார்கள். இந்தச் சுருக்கல் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு மணி நேரம் பாடுபட்டு எடுத்த முன்னிலை ரெண்டு மோசமான ரிட்டர்னில் காணாமல் போகிறது. டிவிக்காகச் செய்தார்கள் என்கிறார்கள். டிவியிலும் அதிகம் காட்டுவதில்லையே, அப்புறம் யாருக்காக?

பெண்கள் இரட்டையரில் எனக்குப் பிடித்தது, செர்வ் மட்டுமே ஆட்டத்தைத் தீர்த்துவிடாது என்பதுதான். ஆண்கள் ஆட்டத்தில் பல நேரம் செர்வ், ரிட்டர்ன், பந்து தரையில் படுமுன் அடிக்கிற ஒரு வாலி, முடிந்தது கதை. இங்கே பந்து நாலைந்து தடவையாவது போய் வரும். நடுவில் தலைக்கு மேல் தூக்கி அடிக்கிற ஒரு லாப், திடீரென்று நாலு பேரும் நெட் கிட்ட, கைக்கெட்டும் தூரத்தில் படபடவென்று அடி. செர்வ் உடைவது, அதாவது செர்வ் போடுகிற ஜோடியே அந்தக் கேமை இழப்பது, சகஜம் என்பதால் 4-1 என்று பின்தங்கியிருக்கிற ஜோடியையும் தோற்றதாக எழுதிவிட முடியாது.

2015 விம்பிள்டன் இறுதிப் போட்டி ஞாபகம் இருக்கிறதா? சானியா மிர்சா, மார்ட்டினா ஹிங்கிஸ் ஒரு பக்கம். ரஷ்யாவின் மகரோவா, வெஸ்னினா மறுபக்கம். முதல் செட்டை இழந்து, இரண்டாவதை டை-பிரேக்கில் பிடித்து, மூன்றாவதில் 2-5 என்று பின்தங்கினார்கள். 5-5க்கு வந்தபோது இருட்டிவிட்டது. கூரையை மூடி விளக்குப் போட்டு ஆடினார்கள். 5-7, 7-6, 7-5. சானியா பின்னாலிருந்து ஃபோர்ஹேண்டில் வெளுக்க, ஹிங்கிஸ் முன்னால் நின்று எதிராளி திருப்பி அனுப்பியதைத் தடவிக் கொடுக்கிற மாதிரி வெட்டி வைப்பார். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் சாப்பாடு வைக்க நேரமாகிவிட்டது, யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வருஷ யு.எஸ். ஓப்பன், அடுத்த வருஷ ஆஸ்திரேலிய ஓப்பன். 2016 பிப்ரவரி வரை தொடர்ந்து 41 வெற்றி. சானியா இரட்டையரில் உலகின் முதலிடம் வந்ததும் 2015 ஏப்ரலில்தான்.

அதற்கும் பல வருஷம் முன்னால் எங்கள் கொங்கு மண்ணில் பிறந்த ஒரு பெண் இந்திய டென்னிஸுக்குக் கதவு திறந்துவிட்டிருக்கிறார். கோயமுத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன். 1998 ஆஸ்திரேலிய ஓப்பனில் இத்தாலியின் க்ளோரியா பிட்சிகினியை வென்று, 1968-க்குப் பிந்தைய ஓப்பன் காலத்தில் கிராண்ட் ஸ்லாம் பிரதானச் சுற்றில் ஓர் ஆட்டம் ஜெயித்த முதல் இந்தியப் பெண் ஆனார். அதே வருஷம் பாங்காக் ஆசிய விளையாட்டில் மகேஷ் பூபதியோடு கலப்பு இரட்டையரில் வெண்கலமும் வாங்கினார். கோவையில் டென்னிஸ் கற்றுக்கொள்கிற எத்தனை பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள், எனக்குச் சந்தேகம்தான்.

சரி, சென்னைக்கு வருவோம். ஆண்களுக்கான போட்டி இருபது வருஷம் அங்கே நடந்து, 2017-ஓடு புனேவுக்குப் போய்விட்டது. பெண்களுக்கான டபிள்யூ.டி.ஏ. போட்டி சென்னைக்கு வந்தது 2022-இல்தான். 250 தரம் என்பார்கள், சுற்றுப்பயணத்தின் அடிப்படி. இரட்டையரில் மொத்தம் 16 ஜோடி. நாலு ஆட்டம் ஜெயித்தால் பட்டம். புள்ளிகள் ரெண்டு பேருக்கும் முழுசாகக் கிடைக்கும், ஏனென்றால் தரவரிசை ஜோடிக்கு இல்லை, ஆளுக்கு. பரிசுப் பணத்தை மட்டும் பிரித்துக்கொள்ள வேண்டும். மொத்தப் பரிசே இரண்டரை லட்சம் டாலர் சொச்சம், அதில் இரட்டையர் பக்கம் வருவது சிறு பங்கு. விமான டிக்கெட், ஓட்டல், கோச் செலவு போக என்ன மிஞ்சும் என்று மண்டிக் கணக்கு எழுதுகிற என் புத்தி தானாகவே கூட்டிக் கழித்துப் பார்த்தது. இதை மட்டுமே நம்பிப் பிழைக்கிற பெண்கள் வாராவாரம் எந்த ஊருக்குப் போவது, யாரோடு ஆடுவது என்று ஓயாமல் தீர்மானித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ரெண்டு பேருடைய தரவரிசையையும் கூட்டித்தான் இடம் தருவார்கள். ஆகவே ஜோடி தேடுவதில் நட்பு ஒரு பங்கு, கணக்கு ஒரு பங்கு.

அந்த இரட்டையர் இறுதிப் போட்டியில் ஆடிய நாலு பேரின் கதையையும் பாருங்கள். ஜலமிட்சே ரஷ்யாவுக்காக ஆடிக்கொண்டிருந்தவர். 2022-இல் உக்ரைன் போரால் விம்பிள்டன் ரஷ்ய ஆட்டக்காரர்களைத் தடை செய்தபோது, ஜார்ஜியாவுக்கு மாறி ஆடினார். பிளின்கோவா ரஷ்யர். அதே போரால் அவர் பெயருக்குப் பக்கத்தில் அப்போது கொடி இல்லை. ரெண்டு பேரும் சென்னையில் ஒரே பக்கம்.

ஸ்டெஃபானியின் கதை நங்கைக்கு ரொம்ப நெருக்கமானது. 2021-இல் டாப்ரோவ்ஸ்கியும் அவரும் மாண்ட்ரியலில் பட்டம் வென்று, நல்ல வேகத்தில் யு.எஸ். ஓப்பன் அரையிறுதி வரை போனார்கள். எதிரே கோகோ காஃப், கேட்டி மெக்னாலி. அந்த ஆட்டத்தின் நடுவில் ஸ்டெஃபானியின் முழங்கால் ஜவ்வு கிழிந்துபோனது. சக்கர நாற்காலியில் வெளியே கொண்டு போனார்கள். அறுவை சிகிச்சை, பயிற்சி என்று ஏறக்குறைய ஒரு வருஷம். மறுபடி ராக்கெட் பிடித்து, அதே டாப்ரோவ்ஸ்கியோடு வந்த இடம் சென்னை. வந்த வாரமே பட்டம். 6-1, 6-2.

நங்கைக்கும் அதே ஜவ்வுதான். கோர்ட்டில் இல்லை, வீட்டு வாசலில் தண்ணீர் தெளித்த இடத்தில் வழுக்கி விழுந்தார். "இந்த வயசுல இனி எதுக்கு ஆட்டம்" என்று வீட்டில் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள், என் அண்ணன் உட்பட. ஸ்டேடியத்தில் ஸ்டெஃபானி குறுக்கே பாய்ந்து காலை ஊன்றித் திரும்பும் ஒவ்வொரு முறையும் நங்கை தன் முட்டியைப் பிடித்துக்கொண்டார். பந்தைப் பார்க்கவே இல்லை. ஈரோடு திரும்பிய அடுத்த வாரம் கோர்ட்டுக்கு வந்துவிட்டார். அண்ணன் என்னோடு கொஞ்ச நாள் பேசவில்லை.

டாப்ரோவ்ஸ்கி அதற்குப் பிறகு நியூசிலாந்தின் எரின் ரௌட்லிஃப்போடு சேர்ந்து 2023 யு.எஸ். ஓப்பன் வென்றார், 2025-இல் மறுபடியும். இடையில் நடந்ததை அவரே 2024 கடைசி நாளில்தான் வெளியே சொன்னார். மார்பில் ஒரு கட்டியை 2023-இலேயே தானாகத் தடவிக் கண்டுபிடித்திருக்கிறார். கவலைப்பட ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வருஷம் டபிள்யூ.டி.ஏ. மருத்துவப் பரிசோதனையில் அதே கட்டியைப் பார்த்த மருத்துவர் ஸ்கேன் எடுக்கச் சொல்ல, புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து அதே வருஷம் விம்பிள்டன் இறுதிப் போட்டி, பாரிஸ் ஒலிம்பிக்கில் கலப்பு இரட்டையர் வெண்கலம், ஆண்டு முடிவில் ரியாத்தில் டபிள்யூ.டி.ஏ. ஃபைனல்ஸ் பட்டம். நாங்கள் கைதட்டிய அந்தப் பெண்ணா என்று நம்ப முடியவில்லை. இதைப் படிக்கிற அக்கா தங்கச்சிகளே, டென்னிஸை விடுங்கள். கட்டி என்று கையில் தட்டுப்பட்டால், ஒருவர் ஒன்றுமில்லை என்று சொன்னாலும் இன்னொருவரிடம் காட்டுங்கள்.

இப்போது எங்கள் கோர்ட்டில் சாயங்காலம் பிள்ளைகள் கூட்டம். நாங்கள் ஆடிய காலத்தைவிடப் பத்து மடங்கு நன்றாக அடிக்கிறார்கள். ஆனால் டபுள்ஸ் என்றால் முகம் சுளிக்கிறார்கள். பிள்ளைகளைவிட அம்மாக்கள்தான் அதிகம் சுளிக்கிறார்கள். ஒரு அம்மாவிடம் கேட்டேன். "அதுல பாயிண்ட் கால்வாசிதானுங்களே அக்கா வருது" என்றார். அவர் சொன்னது சரிதான். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் (ஐ.டி.எஃப்.) ஜூனியர் தரவரிசையில் இரட்டையரில் எடுத்த புள்ளியில் கால் பங்குதான் கணக்கில் சேரும். கணக்குப் போட்டுப் பிள்ளை வளர்ப்பவர்களிடம் கணக்கு பேசி ஜெயிக்க முடியாது. ஆனாலும் ஒரு பதினாலு வயதுப் பெண் தினமும் சுவரைப் பார்த்து அடிக்கிற மாதிரி தனியாகவே அடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. வாலி அடிக்கத் தெரியாது, நெட் கிட்ட வரப் பயம். எல்லாம் பேஸ்லைனோடு சரி.

மார்க்கர் அண்ணனிடம் சொல்லி, சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் டபுள்ஸ் என்று வைத்திருக்கிறோம். பிள்ளைகளுக்குக் கை காட்டச் சொல்லித்தருவது நங்கையின் பொறுப்பு. போன வாரம் ரெண்டு பெண்கள் நடுவில் வந்த பந்துக்கு ஒரே நேரத்தில் பாய்ந்து, ராக்கெட்டோடு ராக்கெட் மோதிக்கொண்டார்கள். நடுப்பந்து யாருடையது என்று சண்டை. ஃபோர்ஹேண்ட் யாருக்கு வருகிறதோ அவர் எடுக்க வேண்டும் என்றார் மார்க்கர் அண்ணன். இல்லீங்க, நெட்டுக்கு யார் கிட்ட இருக்கிறாங்களோ அவங்கதான் என்றார் நங்கை. குறுக்கே அடித்துக்கொண்டிருப்பவள்தான் எடுக்க வேண்டும் என்று நான் ஒன்றைச் சொல்லிவைத்தேன். அந்த ரெண்டு பெண்களும் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அடுத்த பந்தை செர்வ் போடப் போய்விட்டார்கள்.